உருப்படிக்கு இவ்வளவு: இதழோவியமும் விமர்சனத்தின் மௌனமும்

1

வெகுசன இதழ்களைப் பற்றித் தமிழ்ச் சிறுபத்திரிகைகள் பேசியது கொஞ்சநஞ்சமல்ல. தொடர்கதை வாசகரை எப்படி நுகர்வோராக மாற்றுகிறது, பெண்ணுடல் எப்படி அட்டையில் சரக்காகிறது, அக்கிரகாரத்து ஊஞ்சல் எப்படி 'தமிழ் வீடு' என்பதற்கான குறியாக நிலைபெற்றது, துணுக்குச் சிரிப்புக்குள் சாதி எப்படிப் பதுங்கியிருக்கிறது என்றெல்லாம் எழுதியாகிவிட்டது. தேவையான எழுத்துகள்தான், அதில் எனக்கு மாற்றுக் கருத்து இல்லை. ஆனால் இத்தனை பேச்சிலும் ஒரு ஆள் அநேகமாகத் தட்டுப்படுவதே இல்லை. படம் போட்டவர். படம் வருகிறது, படத்தின் கருத்தியல் வருகிறது. அந்தப் படத்தை யாரோ ஒருவர் ராத்திரி கண்விழித்து உட்கார்ந்து வரைந்தார், காலையில் கொண்டுபோய்க் கொடுத்தார், அதற்குக் கூலி வாங்கினார், அல்லது வாங்காமல் திரும்பி வந்தார் என்பது மட்டும் வருவதில்லை.

ரோலன் பார்த் 1960களின் கடைசியில் அறிவித்த 'ஆசிரியனின் மரணம்' 1990களின் தமிழ்ச் சிறுபத்திரிகைகளில் பெரிய கொண்டாட்டமாகப் பேசப்பட்டது. எழுத்தாளனின் அதிகாரத்தை உடைக்க அது உதவியது, சரி. ஆனால் இதழோவியர் விஷயத்தில் அந்தச் சூத்திரம் கொஞ்சம் தடுமாறிப்போகிறது. பிறக்கவே விடப்படாத ஆசிரியன் எப்படிச் சாவான்? தொடர்கதையின் தலைப்புக்குக் கீழே எழுத்தாளர் பெயர் கொட்டை எழுத்தில் இருக்கும். 'ஓவியம்' என்று போட்டு ஓர் ஓரத்தில் பொடி எழுத்தில் இன்னொரு பெயர் இருக்கும். பல சமயம் அதுவும் இருக்காது. படத்தின் மூலையில் அவரே கிறுக்கிய கையெழுத்துதான் சாட்சி. அதையும் அச்சுக்குப் போகும்போது பக்க அளவுக்காக வெட்டிவிடுவது உண்டு.

வால்டர் பெஞ்சமின் 1934-இல் 'உற்பத்தியாளனாக எழுத்தாளன்' என்ற உரையில் ஒரு கேள்வியைத் திருப்பிப் போட்டார். ஒரு படைப்பு தன் காலத்து உற்பத்தி உறவுகளைப் பற்றி என்ன அபிப்பிராயம் சொல்கிறது என்பதற்கு முன்னால், அது அந்த உறவுகளுக்குள் எந்த இடத்தில் நிற்கிறது என்று கேட்கச் சொன்னார். நம் விமர்சனம் முதல் கேள்வியோடு நின்றுவிட்டது. இரண்டாவதை இதழோவியத்தின் மேல் வைத்துப் பார்ப்பதுதான் இந்தக் கட்டுரையின் வேலை.

எம்.ஏ. வகுப்பில் மதுரைக்காஞ்சி படித்தவர்களுக்கு ஓவியரைக் குறிக்க அதில் வரும் சொல் நினைவிருக்கும்: 'கண்ணுள் வினைஞர்'. சங்கு அறுப்பவர், மணி துளைப்பவர், பொன்வேலை செய்பவர் என்ற தொழிலாளர் வரிசையில் அவரும் நிற்கிறார். வினைஞர் என்றால் வேலை செய்கிறவர். அந்தப் பிரதிக்கு இருந்த தெளிவு நமக்கு இல்லாமல் போனது எப்படி?

2

ஆரம்ப காலத்தில் இதழோவியர் மாதச் சம்பளக்காரர். ஆனந்த விகடனில் மாலி, அவருக்குப் பின்னால் சில்பியும் கோபுலுவும்; கல்கியில் மணியம்; சந்தமாமாவில் சங்கர். ஸ்ரீனிவாசன் என்பவரைச் சில்பி ஆக்கியதும், கோபாலன் என்பவரைக் கோபுலு ஆக்கியதும் மாலிதான். அதாவது ஓவியருக்குப் பெயரே இதழ் அலுவலகத்துக்குள்தான் சூட்டப்பட்டது. அதில் வாத்சல்யமும் இருந்தது, உடைமையும் இருந்தது. இரண்டையும் பிரித்துப் பார்ப்பது கஷ்டம்.

அந்தச் சம்பளம் வாங்கிக் கொடுத்தது என்ன? நேரம். சில்பி கோயில் கோயிலாகப் போய்ச் சிற்பத்தின் முன்னால் உட்கார்ந்து வரைந்த 'தென்னாட்டுச் செல்வங்கள்' ஆண்டுக்கணக்கில் விகடனில் வந்தது. 1950-இல் தொடங்கிய 'பொன்னியின் செல்வ'னுக்கு மணியம் வாராவாரம் வரைந்து, நான்கு ஆண்டுகளில் ஒரு சோழ உலகத்தையே தமிழ் வாசகனின் கண்ணுக்குள் கட்டிவிட்டார். வந்தியத்தேவன் எப்படி இருப்பான் என்று இன்றைக்கு யாரைக் கேட்டாலும், அவர்கள் சொல்லும் பதிலில் கல்கி பாதி என்றால் மணியம் பாதி. 1968-இல் மணியம் இறந்தபோது அவருக்கு ஐம்பதுகூட ஆகவில்லை. சங்கர் 1952-இல் சந்தமாமாவில் சேர்ந்து பல பத்தாண்டுகள் அங்கேயே வரைந்தார். வேதாளத்தைத் தோளில் போட்டுக்கொண்டு நடக்கும் விக்கிரமாதித்தன் அவர் கை. 2020-இல் இறந்தார், பத்மஸ்ரீ 2021-இல் வந்தது. ஆள் போன பிறகுதான் அரசுக்குக் கண் தெரிந்தது.

சம்பளம் என்றால் விடுதலை என்று நான் சொல்ல வரவில்லை. 1963-இல் கோபுலு விகடனை விட்டு விளம்பரத் துறைக்குப் போனார். 1972-இல் ஆட்வேவ் என்று சொந்த நிறுவனமே தொடங்கினார். பிறகு ஒரு சமயம் பக்கவாதத்தில் வலது கை முடங்கியபோது இடது கையால் வரையப் பழகினார். இந்தச் செய்தியைச் 'சாதனை' என்று எல்லோரும் எழுதுகிறார்கள். ஒரு தொழிலாளியின் கருவி அவன் உடம்புக்குள்ளேயே இருக்கிறது, அது பழுதானால் ஈடுகட்ட யாரும் இல்லை என்று அதே செய்தியை நாம் வாசிக்கலாம்.

அடுத்த தலைமுறையில் நிலைமை மாறுகிறது. ஜெயராஜ், மாருதி, மணியம் செல்வன் போன்றவர்கள் பல இதழ்களுக்கும் வரைந்தவர்கள். சுஜாதாவின் கணேஷ்–வசந்துக்கு ஜெயராஜ் கொடுத்த முகம்தான் வாசகர் மனதில் நின்ற முகம். 'ஃப்ரீலான்ஸ்' என்ற வார்த்தை இப்போதுதான் பொருந்துகிறது. வால்டர் ஸ்காட் 'ஐவன்ஹோ' நாவலில் (1820) எந்தப் பிரபுவுக்கும் வேலை செய்யக்கூடிய கூலிப்படைக்காரனைக் குறிக்கப் பயன்படுத்திய சொல் அது. ஈட்டி அவனுடையது, சண்டை வேறொருவனுடையது.

மாருதியைப் பற்றிப் பரவலாகச் சொல்லப்படும் ஒரு செய்தி இருக்கிறது. புதுக்கோட்டையிலிருந்து வந்த ரங்கநாதன் 1959-இல் ஓர் இடத்தில் வேலை பார்த்துக்கொண்டே குமுதத்துக்குப் படம் போடுகிறார். சொந்தப் பெயர் போட்டால் வேலை பார்க்கும் இடத்தில் எதிர்ப்பு வரும். எதிரே ஒரு மருந்துக்கடைப் பலகை தெரிகிறது: மாருதி மெடிக்கல்ஸ். கையெழுத்து பிறந்துவிட்டது. அரை நூற்றாண்டுக்கும் மேல் தமிழ் வீடுகளில் புழங்கிய அந்தக் கையெழுத்து (அவர் 2023-இல் இறந்தார்) முதலாளியிடமிருந்து ஒளிந்துகொள்ள எடுத்த முகமூடி. கலைஞனின் கையெழுத்து அவனது தனித்துவத்தின் முத்திரை என்று பேசும் அழகியல் நூல்களுக்குள் இந்த மருந்துக்கடைப் பலகையை எங்கே மாட்டுவது?

3

இனி நான் இருக்கும் ஊருக்கு வருகிறேன். பல்லவரம் ஸ்டேஷனில் இறங்கி மேற்கே வந்தால் பம்மல். 2021 முதல் தாம்பரம் மாநகராட்சிக்குள் சேர்ந்துவிட்டது. ஒரு பக்கம் நாகல்கேணியின் தோல் பதனிடும் கூடங்கள். இன்னொரு பக்கம் அனகாபுத்தூர். ஒரு காலத்தில் நைஜீரியாவுக்குப் போன 'மெட்ராஸ் கைக்குட்டை' நெய்த தறிகள் இருந்த ஊர். உருப்படிக்கு இவ்வளவு என்ற கணக்கு இந்தப் பக்கத்துக்காரர்களுக்குப் புதிதில்லை. நெய்தால் கூலி, நெய்யாவிட்டால் இல்லை. நூல் வராத நாளுக்கும் காய்ச்சல் வந்த நாளுக்கும் யாரும் பொறுப்பு இல்லை.

எங்கள் தெருவுக்கு இரண்டு தெரு தள்ளி ஒரு மாடிப் போர்ஷனில் ஓர் ஓவியர் இருக்கிறார். ஐம்பத்தைந்து தாண்டியவர். வார இதழ், மாத நாவல், பள்ளிக்கூட கைடுகளுக்குத் தவளையின் இதயம், கல்யாணப் பத்திரிகைக்குப் பிள்ளையார் என்று முப்பது வருசமாக வரைகிறார். பேர் போட வேண்டாம் என்று கேட்டுக்கொண்டார். போட்டால் அடுத்த வேலை வராது என்பது அவர் பயம். பேர் வராததுதான் குறை என்று பேசிக்கொண்டிருந்த மனுஷன், கடைசியில் பேர் வேண்டாம் என்று கேட்க வேண்டியிருக்கிறது பாருங்கள்.

"கதை என்ன கதைன்னே தெரியாது தம்பி" என்றார். "போன்ல சொல்லுவாங்க. ஒரு பொண்ணு, ஜன்னல், வெளிய மழை, முகத்துல சோகம். அவ்ளோதான். ஏழைப் பொண்ணா, வசதியான பொண்ணா, என்ன வயசுன்னு கேட்டா, 'வழக்கமா போடுவீங்களே சார், அதையே போடுங்க'ம்பாங்க. சாயங்காலம் ஆள் வந்து வாசல்ல நிப்பான்."

"நீங்க வேற மாதிரி போட்டுப் பாக்கலையாண்ணே?" என்று கேட்டேன்.

"தெரிஞ்ச முகம்னா மூணு மணி நேரம். தெரியாத முகம்னா ஒரு நாள் ஆவும். வெளிய போய் நாலு பேரப் பாக்கணும், உக்காந்து பழகணும். அந்த ஒரு நாளுக்கு யாரு காசு குடுப்பா?"

நம் விமர்சனம் தவறவிட்ட இடம் இதுதான். சிவந்த மேனி, நீண்ட கண், கூரான மூக்கு என்று வாராவாரம் வந்த அந்த 'வழக்கமான' பெண் முகத்தை நாம் ஆண் பார்வையின், மேல்சாதி அழகியலின் விளைவு என்று வாசித்தோம். அது உண்மைதான். ஆனால் அந்த முகம் திரும்பத் திரும்ப வந்ததற்கு இன்னொரு காரணம், அது மலிவான முகம். கைக்குப் பழகிய முகம், யோசிக்காமல் வரும் முகம். கூலிக்காரப் பெண்ணை வரையச் சொன்னாலும் அதே முகத்துக்குக் கண்டாங்கி கட்டி, கையில் அரிவாள் கொடுத்துவிடலாம். கறுத்த, உழைத்து உலர்ந்த, நாற்பது வயதுப் பெண்ணின் நிஜ முகம் வேண்டுமென்றால் அதைப் பார்த்துப் பழக ஒரு நாள் வேண்டும். அந்த ஒரு நாளை யாரும் வாங்கத் தயாராக இல்லை. சாதியும் ஆண் பார்வையும் ஓவியரின் மண்டைக்குள் மட்டும் உட்கார்ந்து வேலை செய்யவில்லை. சாயங்காலம் வாசலில் நிற்கும் ஆள் வழியாகவும் செய்தன. பீஸ் ரேட் என்பது கூலி கொடுக்கும் முறை மட்டும் இல்லை, அது ஒரு பார்க்கும் முறையையும் உற்பத்தி செய்கிறது.

இதைச் சொன்னால், ஓவியருக்கு வக்காலத்து வாங்குவதாகச் சில நண்பர்கள் எடுத்துக்கொள்ளலாம். கூலி குறைவு என்பதற்காகப் படத்தின் அரசியலுக்கு மன்னிப்புச் சீட்டு எழுத முடியாது. எத்தனையோ பேர் அந்த 'வழக்கத்தை' ரசித்தே வரைந்திருப்பார்கள். ஆனால் வழக்கத்தை உடை என்று ஓவியரிடம் மட்டும் கேட்பது, உடைப்பதற்கான செலவையும் அவர் தலையிலேயே கட்டுவது. விமர்சகன் சுலபமாகக் கேட்டுவிடுவான். ஒரு நாள் கூலி போவது அங்கே.

இன்னொன்று. அந்த வீட்டில் நான் பேசிக்கொண்டிருந்தபோது அவர் மனைவி காபி கொடுத்துவிட்டுச் சொன்னார்: "சரித்திரக் கதைன்னா ராஜா மீசையெல்லாம் நான் நெரப்புனதுதான் தம்பி." அவர் பேனாவால் கோடு போட்டு வைத்ததும், கோட்டுக்குள் கறுப்பு நிரப்புவது, மை காய்ந்ததும் பென்சிலை அழிப்பது, ஓரம் வெட்டுவது எல்லாம் இந்தம்மா. அடுப்பில் குழம்பு, மேசையில் மீசை. இதழோவியருக்காவது பொடி எழுத்தில் ஒரு பெயர். வீட்டுக்குள் நடக்கும் இந்த வேலைக்கு வவுச்சரும் கிடையாது, எழுத்தும் கிடையாது. 'ஃப்ரீலான்ஸ்' என்ற சுதந்திரம் பாதி நாள் இன்னொருத்தியின் கையில் ஓடுகிறது.

4

சரி, வெகுசன இதழ் சுரண்டுகிறது. நம் சிறுபத்திரிகை என்ன செய்கிறது? அட்டைக்குக் கோட்டோவியம் கேட்கிறது, நட்புக்காக. கொடுக்கிறார்கள். அச்சுக்கூலி கொடுக்காமல் முடியாது, காகிதத்துக்குக் கொடுக்காமல் முடியாது, தபாலுக்கும் கொடுத்தாக வேண்டும். ஓவியருக்கு மட்டும் 'நன்றி'. (எழுத்தாளருக்கும் இல்லைதானே என்று கேட்கலாம். எழுத்தாளர்களில் பெரும்பாலோர் வேறு எங்கோ சம்பளம் வாங்குகிறவர்கள்.)

இந்த இலவசம் எப்படிச் சாத்தியமானது என்று யோசித்துப் பார்த்தால் ஒரு சுவாரஸ்யமான விஷயம் கிடைக்கிறது. தமிழ் நவீன இலக்கியத்தின் அட்டைகளையும் பக்கங்களையும் மாற்றியமைத்த கைகளில் முக்கியமானவை ஆதிமூலம், வீர. சந்தானம், ட்ராட்ஸ்கி மருது ஆகியோருடையவை. மூன்று பேருக்கும் பொதுவாக ஒன்று உண்டு: மத்திய அரசின் நெசவாளர் சேவை மையத்தில் வேலை பார்த்தவர்கள். கைத்தறிக்கு வடிவமைப்புச் செய்து கொடுப்பது அங்கே வேலை. அதாவது நம் நவீனக் கோட்டோவியத்துக்கு, அது அறிந்தோ அறியாமலோ, ஒரு புரவலர் இருந்தார். மாதச் சம்பளம் கொடுத்த கைத்தறித் துறை. கி. ராஜநாராயணனின் 'கரிசல் காட்டுக் கடுதாசி'க்கு ஆதிமூலம் வரைந்த மனிதர்கள் 'வழக்கமான' முகத்தோடு வரவில்லை என்பதை அவரது மேதைமையால் மட்டும் விளக்க வேண்டியதில்லை. அந்த மேதைமைக்குக் கீழே வாடகை கட்டிய ஒரு சம்பளமும் இருந்தது.

கே.சி.எஸ். பணிக்கர் முன்னின்று 1966-இல் தொடங்கிய சோழமண்டலம் ஓவியர் கிராமமும் இதே சிக்கலுக்குக் கண்டுபிடித்த இன்னொரு வழிதான். பத்திக் போன்ற கைவினைப் பொருட்களைச் செய்து விற்று வயிற்றைப் பார்த்துக்கொள், ஓவியத்தைச் சந்தைக்கு அடகு வைக்காதே என்பது அதன் தர்க்கம். கடலோரத்தில் நிலம் வாங்கிக் கூட்டாக நின்றார்கள். அந்தக் கூட்டு முக்கியம். பம்மல் மாடிப் போர்ஷனில் இருப்பவருக்கு நெசவாளர் சேவை மையமும் இல்லை, சோழமண்டலமும் இல்லை. கலைப் பள்ளியிலிருந்து வந்தவர் கண்காட்சிக்குப் போனார், பேனர் கடையிலிருந்து வந்தவர் வார இதழுக்குப் போனார். இந்தப் பிரிவினையை 'உயர்கலை / வணிகக்கலை' என்று மொழிபெயர்த்துக்கொண்டு நாமும் விமர்சனம் எழுதினோம். அந்தக் கோடு ரசனையால் மட்டும் போட்டதா, யாருக்குச் சம்பளம் இருந்தது என்பதால் போட்டதா?

5

சட்டம் என்ன சொல்கிறது? 1955-இன் உழைக்கும் பத்திரிகையாளர் சட்டம் யார் யார் பத்திரிகையாளர் என்று ஒரு பட்டியல் போட்டது. ஆசிரியர், நிருபர், புகைப்படக்காரர், பிழைதிருத்துபவர், கேலிச்சித்திரக்காரர் என்று போகும் அந்தப் பட்டியலில் கதைக்குப் படம் போடுகிறவர் என்று ஒரு வார்த்தை இல்லை. இருந்திருந்தாலும் வெளியிலிருந்து வரைந்து கொடுப்பவருக்குப் பயன் இருந்திருக்காது. நிறுவனத்தில் வேலைக்கு அமர்த்தப்பட்டவருக்குத்தான் அந்தச் சட்டம். 2020-இன் தொகுப்புச் சட்டங்களுக்குள் அதையும் கரைத்துவிட்டார்கள்.

பதிப்புரிமைச் சட்டம் (1957) கொஞ்சம் வேறு மாதிரி. அதன் 17-ஆம் பிரிவின்படி, படைப்பின் முதல் உரிமையாளர் பொதுவாகப் படைத்தவர்தான். இதழில் வேலைக்கு இருந்துகொண்டு வரைந்தால் அதை இதழில் வெளியிடும் உரிமை முதலாளிக்கு, மற்ற உரிமைகள் படைத்தவருக்கு. ஆனால் அதே பிரிவில், காசு கொடுத்து இன்னொருவர் கேட்டு வரைந்த வண்ண ஓவியத்துக்கும் உருவப்படத்துக்கும், வேறு ஒப்பந்தம் இல்லாவிட்டால், கேட்டவரே முதல் உரிமையாளர் என்றும் இருக்கிறது. ஒரு கையால் கொடுத்து மறு கையால் எடுப்பது இதுதான். உரிமையை எழுதிக் கொடுக்கும்போது எத்தனை காலத்துக்கு என்று குறிப்பிடாவிட்டால் ஐந்து வருசம்தான் என்கிறது 19-ஆம் பிரிவு. உரிமையையே விற்றுவிட்டாலும் 'இது என் படைப்பு' என்று கோரும் உரிமை போகாது என்கிறது 57-ஆம் பிரிவு. 1994-இல் சேர்த்த 53ஏ பிரிவு, மூல ஓவியம் பத்தாயிரம் ரூபாய்க்கு மேல் மறுவிற்பனையானால், முதல் உரிமையாளராக இருந்த ஓவியருக்கும் அவர் வாரிசுக்கும் அதில் பங்கு உண்டு என்கிறது.

இந்தப் பிரிவுகளை நான் படித்துச் சொன்னபோது பம்மல் ஓவியர் சிரித்தார். அவர் கையெழுத்துப் போட்ட வவுச்சர்களில் எது எதை எழுதிக் கொடுத்தார் என்று அவருக்கே தெரியாது. மூலப்படம் எதுவும் திரும்பி வந்ததில்லை. ஒருமுறை பல்லவரம் வெள்ளிக்கிழமைச் சந்தையில், பழைய புத்தகக் கட்டுக்கு அடியில் அவருடைய ஆர்ட் போர்டு ஒன்று கிடந்திருக்கிறது. ஓரத்தில் நீலப் பென்சிலில் அச்சு அளவு குறித்தது அப்படியே இருந்ததாம். பேரம் பேசி, தன் படத்தைத் தானே காசு கொடுத்து வாங்கிவந்தார். மறுவிற்பனையில் பங்கு என்று சட்டம் எழுதியவர்கள் இந்தச் சந்தையைப் பார்த்திருக்க மாட்டார்கள்.

தமிழ்நாட்டில் நாட்டுடைமை என்ற நல்ல ஏற்பாடு ஒன்று இருக்கிறது. எழுத்தாளரின் நூல்களை அரசு பொதுவாக்கி, குடும்பத்துக்குப் பரிவுத் தொகை கொடுக்கிறது. கல்கியின் எழுத்துகளும் அப்படிப் பொதுவானவை. அந்த எழுத்தோடு ஒட்டிப் பிறந்த படத்துக்கு இப்படி ஓர் ஏற்பாட்டை யோசிக்க வேண்டும் என்று நம் இலக்கிய அமைப்புகள் ஏன் குரல் கொடுப்பதில்லை? பிரதி என்றால் சொல் மட்டும்தான் என்ற பழைய நம்பிக்கை, கோட்பாடு பேசும் நமக்குள்ளும் பத்திரமாக இருக்கிறது.

6

வேலை குறைந்துவிட்டது. கல்கி 2020-இல் அச்சை நிறுத்தி இணையத்துக்குப் போனது. மற்ற இதழ்களில் கதைப் பக்கங்கள் சுருங்கின. சினிமா பேனர் வரைந்தவர்களை 2000களில் ஃப்ளெக்ஸ் விழுங்கியது போல, 2022-க்குப் பிறகு சொல்லைக் கொடுத்தால் படத்தைத் துப்பும் எந்திரங்கள் வந்திருக்கின்றன. இணையத்தில் கிடக்கும் கோடிக்கணக்கான படங்களைத் தின்று வளர்ந்தவை அவை. தின்பதற்கு முன் வரைந்தவரிடம் கேட்கவில்லை. இதை எதிர்த்து 2023 ஜனவரியில் அமெரிக்காவில் வழக்குப் போட்ட மூன்று பேரும் ஓவியர்கள்தான்.

எந்திரத்திடம் 'ஜன்னலருகே சோகமான தமிழ்ப் பெண்' என்று கேட்டால் வருவது, பம்மல்காரரிடம் போனில் சொல்லி வாங்கிய அதே 'வழக்கமான' முகம். பீஸ் ரேட் உருவாக்கிய மலிவான முகத்தை, பீஸ் ரேட்டும் இல்லாமல் உருவாக்குகிறது எந்திரம். ஆகவே இது திடீரென்று வானத்திலிருந்து விழுந்த ஆபத்தில்லை. கதையைப் படிக்கக் கொடுக்காமல் படம் கேட்ட அன்றே ஓவியரை எந்திரமாக நடத்தத் தொடங்கியாகிவிட்டது. இப்போது அவருக்கு வரும் வேலையில் ஒரு பகுதி, எந்திரம் போட்ட அட்டைப்படத்தில் ஆறு விரலை ஐந்தாக்கிக் கொடுப்பது. கூலி பழைய படத்துக்குக் கிடைத்ததில் பாதிகூட இல்லை. "முழுசா வரையலயே சார், கையத்தானே சரி பண்றீங்க" என்கிறார்களாம்.

எதிர்ப்பு எங்கே தொடங்க வேண்டும்? பெரிய நிறுவனங்களிடம் கேட்பதற்கு முன், கேட்கும் தகுதி வேண்டும். புத்தகத்தின் உள்பக்கத்தில் அச்சகத்தின் பெயர் இருப்பது போல ஓவியரின் பெயர் படிக்கும் அளவில் இருக்க வேண்டும். கதையை முழுசாகப் படிக்கக் கொடுத்து, யோசிக்க நாள் கொடுக்க வேண்டும். எத்தனை பதிப்புக்கு, எத்தனை காலத்துக்கு என்று ஒரு தாளில் எழுதிக் கையெழுத்திட வேண்டும். மூலப்படத்தைத் திருப்பிக் கொடுக்க வேண்டும். அச்சுக்கூலிக்கு ஒதுக்குகிற மாதிரி படத்துக்கும் ஒரு தொகையை, சின்னத் தொகையாகவே இருக்கட்டும், முதலிலேயே ஒதுக்க வேண்டும். கட்ட முடியவில்லை என்றால் அட்டையை வெறும் எழுத்தோடு விடலாம், எந்திரத்தைத் தேடிப் போக வேண்டாம். இதில் எதற்கும் புதுச் சட்டம் தேவையில்லை. ஓவியர்கள் கூட்டாக ஒரு குறைந்தபட்சக் கூலியைச் சொல்லத் தொடங்கினால், அதற்குக் கீழே போவதில்லை என்று முதலில் கையெழுத்துப் போட வேண்டியவை சிறுபத்திரிகைகளும் சிறிய பதிப்பகங்களும்தான்.

ஒரு புத்தகத்தை விமர்சனத்துக்கு எடுக்கும்போது அதன் அரசியல் என்ன, மொழி என்ன, வடிவம் என்ன என்று கேட்கிறோம். இனி அட்டையைத் திருப்பிப் பார்த்து இன்னொரு கேள்வியும் கேட்போம்: படம் போட்டவர் யார், அவருக்கு எவ்வளவு கொடுத்தீர்கள்? இந்த இதழிடமும் கேட்கலாம்.